பந்தலுக்கு நிருபர் வருவாரா? வாசகர் கேள்விகளும் ஒரு பழைய டெஸ்க்காரரின் பதில்களும்

(ஊர் மக்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் போராட்டங்களும் தேர்தல் பிரசாரங்களும் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் எப்படி வருகின்றன என்பது பற்றி இந்த மாதக் கேள்விகள். பதில் சொல்பவர், ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பல வருடங்கள் இரவு ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்ற செய்தி ஆசிரியர்.)

கேள்வி: எங்கள் ஊரில் கல்குவாரிக்கு எதிராக இரண்டு வருடமாகப் போராடுகிறோம். மனு, கிராம சபைத் தீர்மானம் எல்லாம் ஆகிவிட்டது. ஒரு வரி வரவில்லை. போன மாதம் அரை மணி நேரம் சாலை மறியல் செய்தோம், மறுநாளே வந்துவிட்டது. ஆனால் எதற்காக மறியல் என்பதே அதில் இல்லை. ஏன் ஐயா இப்படி? (கரூர் மாவட்ட வாசகர்)

அந்தப் பேப்பரை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தச் செய்தி எப்படிப் பிறந்து எப்படிச் சுருங்கியிருக்கும் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

உங்கள் தாலுகா நிருபர் அநேகமாகப் பகுதிநேரக்காரர். ஸ்டூடியோவோ ஜெராக்ஸ் கடையோ வைத்துக்கொண்டு நடுவில் செய்தியும் அனுப்புகிறவர். காலையில் அவர் செய்யும் முதல் வேலை போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போடுவது. உங்கள் மனுவும் தீர்மானமும் ஸ்டேஷன் கணக்கில் ஏறாது, மறியல் ஏறும். ஆகவே செய்தி அவர் கைக்கு வரும்போதே போலீஸ் சொல்கிற மாதிரிதான் வருகிறது: எந்தச் சாலை, எத்தனை நேரம், யார் வந்து பேச்சுவார்த்தை நடத்தினார், எப்போது கலைந்து போனார்கள். குவாரி நாலாவது பத்தியில் எட்டிப் பார்க்கும். இரவு ஒன்பதரைக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் வந்து கால் பக்கத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் டெஸ்க்காரர், அதாவது செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் வைக்கிறவர், ஒவ்வொரு செய்தியையும் படித்து ரசித்துச் சுருக்கிக்கொண்டிருக்க மாட்டார். வாலைப் பிடித்து வெட்டுவார். வாலில்தான் உங்கள் கோரிக்கை இருந்தது. மிஞ்சியது 'போக்குவரத்து பாதிக்கப்பட்டது'.

இது உங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் இல்லை. 2017 மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். மண்டை ஓடு, வாயில் எலி, பாதி மொட்டை, தரையில் கொட்டிய சோறு என்று நாளுக்கு ஒன்று. ஏப்ரல் 10ஆம் தேதி, அப்போது பிரதமர் அலுவலகம் இருந்த சவுத் பிளாக் பக்கம் உடையைக் களைந்துவிட்டு ஓடினார்கள். நாடே பார்த்தது. 41 நாள் நடந்தது அந்தப் போராட்டம். அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்திருந்தது. 140 வருடத்தில் அவ்வளவு மோசமாக மழை பொய்த்ததில்லை. கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் என்று தெளிவாகத்தான் கேட்டார்கள். இன்றைக்கு எலியை ஞாபகம் வைத்திருக்கும் பத்துப் பேரிடம் அந்த 62 சதவீதத்தைக் கேட்டுப் பாருங்கள். விவசாயிகளை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த எலி அளவுக்குக்கூட யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கேமராவுக்குத் தீனி போட்டார்கள், அது தீனியை மட்டும் தின்றுவிட்டுப் போய்விட்டது.

அதனால் என் யோசனை ஒன்றுதான். படத்தைப் பார்த்தாலே கோரிக்கை தெரிகிற மாதிரி ஒன்றைச் செய்யுங்கள். 1930 ஏப்ரலில் தண்டிக் கடற்கரையில் காந்தி ஒரு பிடி உப்பை எடுத்தார். அதே மாதம் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். சட்டப்படி குற்றமும் உப்பு எடுப்பதுதான், போராட்டமும் அதுதான், படமும் அதுதான். எப்பேர்ப்பட்ட டெஸ்க்காரராலும் அதிலிருந்து கோரிக்கையைத் தனியாக வெட்டி எடுக்க முடியாது.

உங்களுக்கும் அப்படி ஒன்று கைவசம் இருக்கலாம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை கொடுக்கக் கூடாது. 300 மீட்டருக்கு ஒரு கயிறு வாங்குங்கள். பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சு, முடிச்சில் ஒரு சிவப்புத் துணி. ஊரின் கடைசி வீட்டுத் திண்ணையில் அந்த வீட்டுப் பாட்டி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். பையன்கள் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு குவாரி வேலி வரை போகட்டும். வேலியை முட்டிய பிறகும் கையில் கயிறு மிச்சமிருந்தால் அந்த மிச்சம்தான் செய்தி. நிருபர் முடிச்சுகளை எண்ணிக்கொள்வார். தலைப்பை நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. முதல் நாளே யாருக்கும் சொல்லாமல் அளந்து பாருங்கள். தூரம் 300-ஐத் தாண்டினால் கயிறைச் சுருட்டி வைத்துவிட்டு, வெடி வைக்கும் நேரம், லாரி பாரம் என்று வேறு விதிமீறல் இருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொன்று, அந்தக் கடைசி வீடு வருவாய்த் துறைப் பதிவேட்டில் குடியிருப்பாக இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பார்த்துவிடுங்கள். வேலிக்கு உள்ளே மட்டும் கால் வைக்காதீர்கள். அப்புறம் செய்தி மறுபடியும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்துதான் வரும்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் சார்பில் மூன்று பக்கத்துக்குச் செய்திக் குறிப்பு கொடுத்தோம். நிருபர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். (விளாத்திகுளம் வாசகி)

இன்னும் அங்கேயேதான் இருக்கும், சலவைக்குப் போகாமல் இருந்தால்.

ஒரு பக்கம் போதும் அம்மா. தலைவரின் வாழ்த்துரையும் வரலாற்றுப் பின்னணியும் வேண்டாம். முதல் இரண்டு வரியில் என்ன கேட்கிறீர்கள், யாரிடம் கேட்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் கேட்கிறீர்கள் என்று இருக்கட்டும். சர்வே எண், அரசாணை எண் மாதிரி சரிபார்க்கக்கூடிய ஒன்றிரண்டு விவரம் சேருங்கள். இரவு பத்து மணி வரை போனை எடுக்கிற ஒருவரின் எண்ணைப் போடுங்கள். சந்தேகம் வந்து டெஸ்க்கிலிருந்து கூப்பிடும்போது 'சுவிட்ச் ஆஃப்' என்று வந்தால் அந்த வரியை எடுத்துவிடுவார்கள். படம் அனுப்பினால் யார் யார் என்று இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள். எல்லாம் மாலை நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஏழு மணிக்கு வருகிற நல்ல செய்தியைவிட நாலு மணிக்கு வருகிற சுமாரான செய்திக்குத்தான் இடம் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் நடைபயணம் பேப்பரில் நாலு பத்தி அகலத்துக்குப் படத்தோடு வந்தது. சென்னையில் இருக்கும் என் மகன் அதே பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு 'ஒன்றுமே இல்லையே அப்பா' என்கிறான். (தேனி மாவட்ட வாசகர்)

மகன் சொல்வது சரி. நீங்கள் பார்த்தது மாவட்டப் பக்கம். அது உங்கள் பதிப்புக்கு மட்டும் அச்சாகி, உங்கள் பக்கத்துக்கு மட்டும் வண்டி ஏறுகிறது. பெரிய நாளிதழ்கள் எல்லாவற்றிலும் இதுதான் ஏற்பாடு. பல இயக்கத்தினர் இதைக் கவனிப்பதில்லை. 'தினமும் பேப்பரில் வருகிறோம், அரசாங்கம் அசையவில்லையே' என்று நொந்துபோகிறார்கள். உங்கள் பிரச்சினையில் முடிவெடுக்கிற செயலாளர் கோட்டையில் உட்கார்ந்து படிப்பது சென்னைப் பதிப்பு. அவர் கண்ணில் நீங்கள் படவே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. கலெக்டர் படிப்பது உங்கள் மாவட்டப் பக்கத்தைத்தான். அந்த நறுக்குகள் காலையிலேயே அவர் மேஜைக்குப் போய்விடும். ஆகவே கலெக்டரால் தீரக்கூடியது என்றால் மாவட்டப் பக்கமே போதும், சென்னைக்குப் போய் பிரஸ் மீட் வைத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம். கொள்கை முடிவு, சட்டத் திருத்தம் என்றால் மட்டும் சென்னைப் பதிப்புக்கு முயற்சி செய்யுங்கள். அதற்கு உங்கள் ஊர்க் கதை மட்டும் போதாது. இதே பிரச்சினை உள்ள இன்னும் மூன்று மாவட்டத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்டு போனால் பொதுப் பக்கத்தில் இடம் கிடைக்கும்.

கேள்வி: செய்தி போட 'கவர்' கொடுக்க வேண்டும் என்கிறார்களே? (பெயர் வேண்டாம் என்றவர்)

கொடுக்காதீர்கள். டீ வாங்கிக் கொடுங்கள், உட்கார நாற்காலி போடுங்கள், அது போதும். ஒரு முறை கவர் கொடுத்தால் அடுத்த முறை எதிர்த்தரப்பு தடிமனான கவர் கொடுக்கும். அந்த ஏலத்தில் நீங்கள் ஜெயிக்க முடியாது.

நீங்கள் தேர்தலில் நிற்கிறவர் என்றால் விஷயம் இன்னும் மோசம். காசு வாங்கிக்கொண்டு செய்தி வேடத்தில் போடும் விளம்பரத்தைத் தேர்தல் ஆணையம் வேட்பாளரின் செலவுக் கணக்கில் சேர்க்கும். இதைப் பார்ப்பதற்கென்றே தேர்தல் சமயத்தில் மாவட்டந்தோறும் ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் இப்படி வந்த செய்திகளின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011-இல் மூன்று வருடத்துக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். புகார் கொடுத்தது அவரிடம் தோற்றவர்.

கேள்வி: எங்கள் கூட்டத்துக்கு ஐயாயிரம் பேர் வந்தார்கள். பேப்பரில் 'நூற்றுக்கணக்கானோர்'. (மேலூர் கல்லூரி மாணவர்)

தம்பி, ஐயாயிரம் என்று எண்ணியது யார்? மைக்கில் பேசியவர்தானே?

போலீஸ் ஒரு எண் சொல்லும், நீங்கள் ஒரு எண் சொல்வீர்கள். இரண்டையும் நம்பாத டெஸ்க்காரர் 'நூற்றுக்கணக்கானோர்' என்று போட்டுத் தப்பித்துக்கொள்வார். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற இதழியல் பேராசிரியர் தன் அறை ஜன்னலிலிருந்து மாணவர் போராட்டங்களைப் பார்ப்பார். கீழே இருந்த முற்றத்தில் கட்டம் கட்டமாகத் தளம் போட்டிருந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணி, கட்டங்களால் பெருக்கினார். அதிலிருந்து அவர் கண்ட கணக்கு இது: கைவீசி நிற்கும் அளவுக்குத் தளர்வான கூட்டம் என்றால் ஆளுக்குப் பத்து சதுர அடி, நெருக்கமான கூட்டம் என்றால் நாலரை சதுர அடி.

உங்கள் மைதானத்தில் கூட்டம் நின்ற இடம் 200 அடிக்கு 60 அடி என்று வையுங்கள். 12,000 சதுர அடி. தளர்வாக நின்றிருந்தால் 1,200 பேர், நெருக்கி நின்றிருந்தால் ஏறக்குறைய 2,700 பேர். ஐயாயிரம் வர வாய்ப்பே இல்லை. ஆனால் 'இடம் இவ்வளவு, கணக்கு இப்படி, சுமார் 2,500 பேர்' என்று நிருபரிடம் சொன்னால் அவர் அந்த எண்ணைப் போடுவார். அடுத்த கூட்டத்துக்கும் உங்களைத்தான் கேட்பார். போலீசைக் கேட்க மாட்டார்.

மாடியில் ஏறிப் படம் எடுக்க ஒருவரை நிறுத்திவையுங்கள். தரையில் நின்று ஜூம் லென்சில் எடுத்த படத்தில் ஐம்பது பேரும் ஐந்நூறு பேர் மாதிரி நெருக்கமாகத் தெரிவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை நம்பி யாரும் எண் போடுவதில்லை.

கேள்வி: ஒரு நடிகர் வந்தால்தான் கேமரா வருமா? (காஞ்சிபுரம் மாவட்ட வாசகி)

நீங்கள் எந்த ஊரை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 ஜூலையில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 2025 ஜனவரி 20 அன்று விஜய் அங்கே போனபோது போராட்டம் 900 நாட்களைத் தாண்டியிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து நேரலை. அந்த 900 நாளில் செய்தியே வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்தது. ஆனால் அது மாவட்டப் பக்கத்துச் செய்தி.

வருகிறவரை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு நாள் வாடகை இல்லாமல் முப்பது கேமரா உங்கள் ஊருக்கு வருகிறது. பிரபலம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேமராக்காரர்கள் வந்து சும்மா நிற்பார்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. ஏரியைக் காட்டுங்கள், நெல் வயலைக் காட்டுங்கள், இரண்டு பெண்களைப் பேசவையுங்கள். முப்பது விநாடியில் முடிகிற பேச்சாக இருக்கட்டும். தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொள்வது அவ்வளவுதான். பிரபலம் கிளம்பியதும் வேனும் கிளம்பிவிடும்.

நடிகர் இல்லாமலும் நடக்கும் என்பதற்கு மதுரைப் பக்கம் பாருங்கள். அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் வெளியே தெரிந்தது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தே போனார்கள். அந்தக் கூட்டத்தின் படங்கள் பரவலாக வந்தன. ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சட்டமன்றத் தீர்மானம், கட்சிகளின் நெருக்கடி எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது, படம் மட்டும் செய்த வேலை இல்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் சமணர் படுக்கையும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருந்தன. நிருபர் போய் நின்றாலே எழுதுவதற்கு விஷயம் கிடைத்தது.

கேள்வி: பத்திரிகையில் நிறைய வந்தால் ஓட்டு விழுமா? உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் இயக்கத்தின் சார்பில் நிற்க யோசிக்கிறோம். (ஈரோடு மாவட்ட வாசகர்)

இரோம் ஷர்மிளாவைத் தெரியாத பத்திரிகை உலகத்தில் இல்லை. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்துக்கு எதிராக 2000 நவம்பரிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை உண்ணாவிரதம். 2017 மணிப்பூர் தேர்தலில் முதல்வர் இபோபி சிங்கை எதிர்த்து தௌபால் தொகுதியில் நின்றார். சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்டார். அந்தப் படங்களும் நன்றாக வந்தன. வாங்கிய ஓட்டு 90.

நீங்கள் ஈரோட்டுக்காரர், உங்களுக்கு மொடக்குறிச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டு 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாயிற்று. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். எல்லோரும் புத்தகத்தைப் பற்றி எழுதினார்கள், புத்தகத்தின் பக்கங்களை எண்ணினார்கள். விவசாயி என்ன கேட்டார் என்பது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? அரசாங்கம் அதிலிருந்து கற்றுக்கொண்டது ஒன்றுதான்: 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கியது. இப்போது 10,000.

இதையே 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் செய்தார்கள். 185 வேட்பாளர்கள், பெரும்பாலோர் விவசாயிகள். அங்கே ஒரு வித்தியாசம். மஞ்சளுக்கு வாரியம் வேண்டும் என்பதை அவர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொன்னார்கள். 185 என்ற எண்ணை எழுதிய யாராலும் மஞ்சளை விட்டுவிட்டு எழுத முடியவில்லை, ஏனென்றால் எதற்கு 185 பேர் என்ற கேள்விக்கு அதுதான் பதில். முதல்வர் மகளான அன்றைய எம்.பி. கவிதா தோற்றார். ஜெயித்தவர் மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர். வாரியத்தை 2023-இல் அறிவித்தார்கள், 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தையே தலைமையிடமாக வைத்துத் தொடங்கினார்கள். அந்த விவசாயிகளில் ஒருவர்கூட எம்.பி. ஆகவில்லை, அதற்காக அவர்கள் நிற்கவும் இல்லை.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: உள்ளாட்சியில் பத்திரிகைக்கு ஓட்டு இல்லை. வார்டில் எல்லோருக்கும் உங்களை நேரிலேயே தெரியும். பேப்பரில் வந்தால் சொந்தக்காரர்கள் போன் பண்ணுவார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு உங்கள் வார்டில் ஓட்டு இருக்காது. கதவைத் தட்டுங்கள்.

கேள்வி: யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் கையில் இருக்கும்போது பத்திரிகையை ஏன் கெஞ்ச வேண்டும்? (தூத்துக்குடி வாசகர்)

கெஞ்ச வேண்டாம். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டம் எந்தப் பத்திரிகையையும் கேட்டுக்கொண்டு கூடவில்லை, எந்தக் கட்சிக்காரரையும் மேடையேற விடவுமில்லை. 23ஆம் தேதி கலைத்தபோது, போலீசாரே வாகனத்துக்குத் தீ வைப்பதாகக் காட்டும் செல்போன் வீடியோக்கள் வந்தன. தொலைக்காட்சிகள் அவற்றை எடுத்துப் போட்டன.

ஆனால் உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதால் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாளில் துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். உங்கள் சேனலும் குழுவும் இன்னொருவர் கையிலிருக்கும் சுவிட்சை நம்பி ஓடுகிறவை. அச்சு இயந்திரத்தை அவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியாது. 2020 டிசம்பரில் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த விவசாயிகள், கையில் செல்போன் இருந்தும், 'டிராலி டைம்ஸ்' என்று பஞ்சாபியிலும் இந்தியிலும் ஒரு பேப்பரையே அச்சடித்து டிராக்டர் டிராக்டராகக் கொடுத்தார்கள். தங்களைப் பற்றி டிவியில் வந்ததை நம்ப முடியவில்லை என்பதும் ஒரு காரணம்.

இங்கே ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன். பேப்பர் நறுக்கை வழக்கில் இணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செய்தி அறிக்கை மட்டும் தனியாக நின்று சாட்சியம் ஆகாது, அது கேள்விப்பட்டதாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. ஒரு ஃபைலில் இருபது நறுக்குகளைவிட, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஒரு பக்கப் பதிலுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: ஒரு பத்திரிகையாளர் போராட்டத்தை எழுதுவதோடு நிற்க வேண்டுமா, அதில் சேரலாமா? (இதழியல் மாணவி, கோவை)

எல்லோரும் கேட்கும் கேள்வி, ஆனால் நல்ல கேள்வி. அந்தத் தகவல் உரிமைச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலை செய்த கிராமத்து மக்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்கவில்லை. கூலிப் பட்டியலைக் காட்டுங்கள் என்றால் 'அரசாங்க ரகசியம்' என்றார்கள். 1990-இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் கிராம மக்களும் சேர்ந்து தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 முதல் ஊர் ஊராக மக்கள் விசாரணை நடத்தியது. எப்படியோ கையில் கிடைத்த பட்டியலை ஊர் நடுவில் மைக்கில் வாசிப்பார்கள். பெயரைச் சொன்னதும் அந்த ஆள் எழுந்து 'நான் அந்த வேலைக்கே போகவில்லை' என்பார். இன்னொரு பெயரைச் சொன்னால் 'அவர் செத்து வருஷமாச்சு' என்று கூட்டத்திலிருந்து குரல் வரும். நான் மேலே சொன்ன கயிறும் இதே ரகம்தான்: கோரிக்கையும் நிகழ்ச்சியும் வேறு வேறாக இல்லை.

1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தின் சாங் கேட்டில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, ஊர்க் கடைக்காரர்கள் உதவினார்கள். 'ஜனசத்தா' நாளிதழின் நிறுவன ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி அங்கே வந்தார். திரும்பிப் போய், நாம் அறிவோம், நாம் வாழ்வோம் என்ற பொருளில் ஒரு தலைப்பு வைத்து எழுதினார். அதுவே இயக்கத்தின் முழக்கமாகிவிட்டது. அதோடு நிற்கவில்லை. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் இருந்த இந்தியப் பத்திரிகை கவுன்சில், தகவல் உரிமைக்கு ஒரு மாதிரி மசோதாவையே எழுதிக் கொடுத்தது. 1997-இல் நம் தமிழ்நாடுதான் முதல் மாநிலமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஓட்டைகள் நிறைந்த சட்டம்தான். 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுவதுக்குமான சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஜோஷி செய்தது தவறு என்று எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது. ஆனால் அவர் ஆசிரியர். பெயர் போட்டுக் கருத்தாக எழுதினார். நீ நாளைக்கு நிருபராகச் சேருவாய் அம்மா. செய்தி எழுதும் அன்று நீ மேடையில் ஏறாதே, கோஷம் போடாதே, அவர்கள் கொடுக்கும் தொப்பியைப் போட்டுக்கொள்ளாதே. எதிர்த்தரப்பிடமும் ஒரு வார்த்தை கேள். அந்த இயக்கத்தில் பொய் சொல்கிறவர் ஒருவர் இருந்தால் அதையும் எழுதும் சுதந்திரம் உன்னிடம் இருக்க வேண்டும். அந்தச் சுதந்திரம் இருக்கும் வரை, மனதில் யார் பக்கம் என்பது உன் சொந்த விஷயம்.

கேள்வி: எங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது என்று ஒரு சேனல் சொல்லிவிட்டது. (கன்னியாகுமரி மாவட்ட வாசகர்)

கூடங்குளத்துக்கே இதுதான் நடந்தது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு 2011-இல் இடிந்தகரையில் போராட்டம் வலுத்தபோது, அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் பின்னால் இருக்கின்றன என்று பிரதமர் மன்மோகன் சிங்கே 2012 பிப்ரவரியில் ஓர் அறிவியல் இதழுக்குப் பேட்டி கொடுத்தார். மீனவர்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்து நடத்துகிறோம் என்று இயக்கத்தினர் எவ்வளவோ சொன்னார்கள். பிரதமர் சொன்னது தலைப்பில் வந்தது, இவர்கள் சொன்னது கடைசிப் பத்தியில்.

மறுப்பு அறிக்கை விடுவதால் பெரிய பயன் இல்லை. வரவு செலவைப் பந்தலிலேயே எழுதித் தொங்கவிடுங்கள். நேற்றைய தேதி வரை, அரிசி மூட்டை உட்பட. ராஜஸ்தான் சங்கடன்காரர்கள் தங்கள் கணக்கையும் ஊர் முன்னால் வைப்பவர்கள். அடுத்தவன் கணக்கைக் கேட்கிறவர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும். கேமரா வந்தால் முதலில் அந்தப் பலகை முன்னால் நிறுத்துங்கள்.

சேனல் விஷயத்துக்கு: அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 15 நாளில் பதில் தர வேண்டும். நாளிதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள், சரியான பதில் இல்லையென்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் பத்திரிகை கவுன்சிலுக்குப் போங்கள். கவுன்சில் கண்டிக்கும், அபராதம் போட அதிகாரம் இல்லை.

கேள்வி: தாசில்தார் வந்து 15 நாளில் தீர்ப்பதாக எழுதிக் கொடுத்ததும் கலைந்தோம். அதன் பிறகு ஒரு நிருபரும் எட்டிப் பார்க்கவில்லை. (திருவாரூர் மாவட்ட வாசகி)

வாக்குறுதி கொடுத்த செய்தியோடு அவர்கள் கணக்கு முடிந்துவிட்டது. பதினாறாவது நாளை அவர்கள் டைரியில் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் குறித்து வையுங்கள். அவர் எழுதிக் கொடுத்த தாளைப் படம் எடுத்து, அந்த வேலை நடக்காத இடத்தையும் படம் எடுத்து, பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு நிருபருக்கு அனுப்பிவிட்டு போன் போடுங்கள். திங்கட்கிழமையாக இருந்தால் மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். அன்றைக்கு கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். நிருபர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், மாவட்டப் பக்கத்திலும் இடம் இருக்காது.